இரண்டாம் சிலிண்டர்

முதலில் கார் விக்கியது. அதன் பிறகுதான் லைட் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஃபெடரல் நெடுஞ்சாலையில், சுபாங் ஜெயாவை நெருங்கிக்கொண்டிருந்தேன். மிதிக்க மிதிக்க வேகம் ஏறவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல் வண்டி குலுங்கியது. வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், என்ஜின் வடிவத்தில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மின்னி மின்னி, பிறகு அப்படியே நின்று எரிந்தது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். இடது தடத்துக்கு ஒதுங்கி, ஊர்ந்து ஊர்ந்து, நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன்.

திங்கள் காலையிலும் குலுங்கியது. செவ்வாய் கொஞ்சம் குறைந்தது. வாரத்தின் நடுவில் குலுக்கல் நின்று, சில நாளில் விளக்கும் தானாக அணைந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அம்மா அப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கிள்ளான் தாண்டுவதற்குள்ளேயே மறுபடியும் விக்கல்.

அந்தக் கார் நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தயாரானது. எனக்கு முன்னால் அதை ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. வெள்ளை நிறம். பின் கதவு ஒன்றை உள்ளிருந்துதான் திறக்க முடியும். ஆனாலும் என் பெயரில் இருந்த முதல் கார் அது. எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயரிலும் இருந்த முதல் கார். அதே குடும்பத்தில் பல்கலைக்கழகம்வரை போனவளும் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவும் இல்லை. அவர் காப்பாரில் செம்பனைக் குலை வெட்டினார். நான் சுபாங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதே செம்பனை எண்ணெயின் தரத்தைப் பார்க்கிறேன். இதை யாரிடமாவது சொல்லும்போது என் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதை நான் தடுப்பதில்லை.

அம்மாவும் அப்பாவும் இன்னும் காப்பாரில்தான் இருக்கிறார்கள், கிராமத்துப் பக்கம் சின்ன ஒரு கம்பத்து வீட்டில். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளைக் கடைத்தெருவரைக்கும் ஓட்டுவார், அதற்கு மேல் இல்லை. கார் இல்லாமல் நான் அங்கே போவதென்றால், ரயிலில் கிள்ளான், அங்கே எப்போது வரும் என்று தெரியாத பஸ், பிறகு வெயிலில் நடை. போய்ச் சேர்ந்ததும் திரும்பும் நேரம் வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். அது மாதம் ஒருமுறையாகி, பிறகு தீபாவளி பொங்கல் என்று ஆகிப்போனது. ஒரு வாரம் போகாவிட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தொடர்ந்து போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பதையும் விட்டுவிடுவார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போனிலும் எங்களுக்குப் பேச்சு ஓடாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "மழையா அங்க?" "இல்லம்மா." அதோடு இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். நேரில் அப்படி இல்லை. அம்மா கீரை ஆய்வார், நான் தரையில் படுத்துக் கிடப்பேன், அப்பா வானொலியைத் திருகிக்கொண்டிருப்பார். யாரும் பேசாவிட்டாலும் அது சேர்ந்து இருப்பதுதான். ஆகவே அந்தக் கார் ஓடியே ஆகவேண்டும்.

நான் தங்கியிருந்த அடுக்குமாடிக்குப் பின்சந்தில் ஒரு வோர்க்‌ஷாப் இருந்தது. அங்கிருந்த ஃபோர்மேன் நல்ல வாய்க்காரர். மெக்கானிக் வேலையைவிட வானிலை, அரசியல், கல்யாணம் பற்றி அதிகம் தெரிந்தவர்.

"தங்கச்சி, ஹஸ்பண்ட் வரலையா?"

"காருக்குத்தான் கோளாறுண்ணே, எனக்கில்ல."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காரை முடுக்கிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். அது பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு விக்கல் இல்லை. வேலை அழுத்தத்தில் நான் வியாழக்கிழமைதான் போயிருந்தேன்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஞாயித்துக்கிழமை மிஸ்ஸாகுதுண்ணே. திங்கட்கிழமையும்."

"ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும்தான் மிஸ்ஸாகும். வயசான வண்டி லா, அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பிளக்குகளை மாற்றினார். அடுத்த ஞாயிறும் லைட் எரிந்தது. பெட்ரோல் தெளிக்கும் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதற்கடுத்த ஞாயிறும் எரிந்தது. கடைசியில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வித்துரு தங்கச்சி. இது பேய் புடிச்ச வண்டி," என்றார்.

அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "வித்துட்டு இங்கயே வந்துடும்மா. கிள்ளான்ல இல்லாத வேலையா?" அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆய்வுக்கூடத்தில், ஒரு எண்ணெய் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். என் சொந்தக் கார் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் விற்றுவிட்டுப் போவதா?

இணையத்தில் ஒரு சின்னக் கருவியை வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினால், காரின் மூளையில் பதிந்திருப்பதைக் கைபேசியில் காட்டும். இரண்டாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று காட்டியது. நான்கு சிலிண்டரில் மற்ற மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. இரண்டாவது மட்டும் அவ்வப்போது தன் முறை வரும்போது சும்மா இருந்துவிடுகிறது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். ஃபோர்மேன் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றியிருந்தார். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக உண்டு. இரண்டாவதன் காயிலைக் கழற்றி நான்காவதில் மாட்டினேன், நான்காவதை இரண்டாவதில். கோளாறு காயிலில் இருந்தால் அதுவும் கூடவே நான்காவதுக்குப் போகவேண்டும். அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில், மேலே மோனோரயில் கடகடவென்று ஓட, கையெல்லாம் அழுக்காக நான் குனிந்து நின்றதை ஒரு ஆன்டி பூக்கூடையோடு நின்று பார்த்தார். "பொம்பளப் புள்ள தனியா நின்னு இதெல்லாம் பண்றியே, யாரும் இல்லையா?" என்றார். "இருக்காங்க ஆன்டி, காப்பார்ல," என்றேன். கோளாறு நான்காவதுக்குப் போகவில்லை. இரண்டாவதிலேயே இருந்தது. அப்படியென்றால் காயில் குற்றவாளி இல்லை.

ஞாயிறு தோறும் கிள்ளானில்தான் பெட்ரோல் போடுவேன். அந்தப் பெட்ரோல்தான் கெட்டதோ என்று ஒரு வாரம் சனிக்கிழமையே பிரிக்பீல்ட்ஸில் போட்டுக்கொண்டு போனேன். அன்றும் எரிந்தது. கொள்கலன் லோரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த சாலை, ஏதாவது ஒயர் தளர்ந்திருக்கும் என்று ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தேன். அன்றும் எரிந்தது. கடற்காற்றாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். காப்பாரில் என்ஜினைத் தொடக்கூடிய எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போகாமல் இருப்பது.

அந்த ஞாயிறு அம்மாவுக்குப் போன் செய்து, வண்டி சரியில்லை, வரமுடியாது என்றேன்.

"இன்னுமா சரியாகல?"

"இல்லம்மா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ ஒன்னும் கவலப்படாத. நான் பாத்துக்கிறேன்," என்றார் அம்மா. காரைப் பற்றி அம்மா என்ன பார்த்துக்கொள்ள முடியும் என்று எனக்குப் புரியவில்லை. வேண்டிக்கொள்வதைச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

போனை வைத்துவிட்டு, காப்பாருக்கு எதிர்த்திசையில் இருந்த காஜாங்குக்கு ஓட்டினேன். காப்பார் போய்வரும் தூரத்தைக் கார் ஓடவேண்டும். அதற்காக அங்கே போய், சுற்றுச்சாலையில் தேவையில்லாமல் வளைந்து, வீட்டில் நான் இருக்கும் நேரம் அளவுக்குக் காரை வெயிலில் நிறுத்திவைத்தேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. குச்சியில் இறைச்சி சுட்டுத் தரும் சத்தே கடைக்குள் போனபோது பரிமாறுபவர், "சோராங் சாஜா?" என்றார். ஒருத்தர்தானா என்று கேட்டார். தலையாட்டினேன். எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசை ஒன்றுதான் காலியாக இருந்தது, அதில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். பக்கத்து மேசைகளில் குடும்பம் குடும்பமாகக் குச்சிகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். என் மேசையிலிருந்த காலி நாற்காலிகளை ஒவ்வொருவராக வந்து கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மேசையும் நானும்தான்.

திரும்பி வரும் வழி முழுக்கக் கார் ஒருமுறைகூட விக்கவில்லை. திங்கள் காலையும் இல்லை. செவ்வாயும் இல்லை. சோதனை வெற்றி. காரை எது கெடுக்கிறதோ அது எங்கள் வீட்டில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. உடன் தங்கியிருந்த இரண்டு பெண்களும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவரவர் அறைக்குள் இருந்தார்கள். கதவைத் தட்டி என்ன சொல்வது? என் வீட்டுக்குப் போனால்தான் என் கார் கெடுகிறது என்றா?

அடுத்த ஞாயிறு போய்வந்தபோது முன்னெப்போதும் இல்லாத மோசம். கிளம்பியதுமே வண்டி துள்ளியது. திங்கட்கிழமை மருத்துவ விடுப்பு எடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. எடுக்கவில்லை, ரயிலில் வேலைக்குப் போனேன். கார் அன்று முழுக்க நிறுத்துமிடத்திலேயே நின்றது. ஆறப்போடாமல் அன்றே வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்போதே இரண்டாம் சிலிண்டரின் காயிலை உருவினேன். இதுவரை எப்போதும் வாரநாட்கள் ஓட்டி முடித்துச் சனிக்கிழமைதான் கழற்றியிருக்கிறேன். இந்த முறை குழிக்குள் பளபளத்தது. பிளக் உட்கார்ந்திருக்கும் ஆழமான குழி அது. அதன் அடியில் தண்ணீர்.

மழைத் தண்ணீர் இவ்வளவு உள்ளே வராது. ரேடியேட்டர் தண்ணீர் என்றால் பச்சையாக, வழுவழுப்பாக இருக்கும். காகிதத் துணியைச் சுருட்டி உள்ளே விட்டு எடுத்தேன். வெளிர் மஞ்சள் கறை. பிளக்கைக் கழற்றினேன். அதன் வெள்ளைப் பீங்கானிலும் ஒரு மஞ்சள் வளையம். எண்ணெய்க் கறையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்தேன்.

விரல் நுனியெல்லாம் சிவந்தது.

வெட்டுக்காயம் என்றே முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் காகிதத் துணியின்மேல் சவர்க்கார நுரையை ஒரு சொட்டு விட்டேன். மஞ்சள் கறை கண்முன்னால் சிவப்பாக மாறியது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆரத்திக்கு ஆலம் கரைக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியும். சவர்க்காரத்துக்கும் அதே குணம்தான். என் காரின் இரண்டாம் சிலிண்டரில் நின்றது மஞ்சள் தண்ணீர்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தனியாகச் சிரிப்பது விநோதமாக இருந்ததால் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை. முடிவை எழுதும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதும் எங்கள் வேலையின் பழக்கம்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் கூடத்தில் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த கார் சாவி மெல்ல எடுபடும் ஓசை கேட்டது. பிறகு வாசலில் கார்க் கதவு. பிறகு டொக்கென்று பானட் விடுபடும் சத்தம். எழுந்து ஜன்னலருகே போனேன்.

அப்பா பானட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல், உள்ளே வேப்பிலையோடு மஞ்சள் தண்ணீர்.

"நடுவுல ஊத்து. ஓரத்துல பேட்டரி இருக்கு."

"தெரியும் தெரியும். போன வாரமும் நான்தானே ஊத்துனேன்."

"போத்தல் பெருசா இருக்கே?"

"வண்டி ரொம்ப முடியாம இருக்குல்ல. அதான் பூசாரிகிட்ட சொல்லி நிறையா வாங்கியாந்தேன்."

அம்மாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. நான்கு காயில்களுக்கும் நடுவில், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் அவ்வளவு பக்குவமாக, இன்னொரு கையால் அணைகட்டி ஊற்றினார். ஓரமாக வழிந்ததை முந்தானையால் துடைத்தார்.

"அம்மா!"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்பா பானட்டைக் கிட்டத்தட்ட அம்மாவின் தலைமேல் விட்டுவிடப் பார்த்தார்.

"தூங்கலையா நீ?" என்றார் அம்மா.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒன்னுமில்ல. கோயில் தண்ணி. நீ அந்த ரோட்டுல லோரிங்க நடுவுல ஒத்தையா போற..."

"என்ஜின் உள்ளயா ஊத்துவாங்க?"

"மேல ஊத்தாதன்னு நீதானே சொன்ன. பெயிண்ட்ல கற புடிக்குது, ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்கன்னு. அதான் உள்ள ஊத்துறேன். உள்ளதானே ஓடுது."

கார் வாங்கிய புதிதில் அப்படி நான் சொன்னதுண்டு. வெள்ளைப் பெயிண்ட்டில் மஞ்சள் ஒழுகிய தடங்களோடு வேலைக்குப் போய் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டார்; ஊற்றுவதை நிறுத்தவேண்டும் என்று அல்ல, எனக்குத் தெரியாத இடத்தில் ஊற்றவேண்டும் என்று. கார் கெடக் கெட, போத்தல் பெரிதாகிக்கொண்டு வந்திருக்கிறது.

"இந்தத் தண்ணிதாம்மா பிரச்சன. உள்ள இறங்கி பிளக்குல நிக்குது. அதான் வண்டி மிஸ்ஸாகுது, லைட் எரியுது. ஓட்ட ஓட்டச் சூட்டுல காஞ்சாத்தான் சரியாகுது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

"என்ன சொன்னீங்க? பேட்டரியத்தான் சொன்னீங்க!" பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "மழையில ஓடுற வண்டி, ஒரு போத்தல் தண்ணிக்கா நின்னுபோவும்? யாருகிட்ட கத சொல்ற?"

அது நியாயமான கேள்வி. சொல்லால் விளக்கிப் பயனில்லை என்று காயிலை உருவிக் காட்டினேன். அப்பா கொண்டுவந்த துடைப்பக்குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தேன். நுனி மஞ்சளாக வந்தது. ஒரு வேப்பிலை நரம்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மா அதை வாங்கி மோந்து பார்த்தார்.

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

அதற்கு ஆம் என்பதுதான் சரியான பதில். குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா உள்ளே போயிருந்தார். நான் கிளம்பும்போது அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அதன் பிறகு கார் ஓடியதே ஓட்டம். விளக்கு எரியவே இல்லை. ஃபோர்மேனிடம் சொன்னபோது, "பேய்ன்னு நான் சொன்னேன், நீ அம்மனே இருந்திருக்குன்னு சொல்ற. ரெண்டுக்கும் என்கிட்ட ஸ்பேர் பார்ட் இல்ல," என்றார். சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன். வாரம் தவறாமல் காப்பாருக்குப் போனேன். எது வேண்டுமென்று அத்தனை வாரம் அலைந்தேனோ அது கிடைத்துவிட்டது.

ஆனால் அம்மா வாசலுக்கு வருவதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சோறு போட்டார், மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தார், பிரிக்பீல்ட்ஸுக்கு எடுத்துப்போகச் சோற்றைத் தாப்பாவ் கட்டிக் கொடுத்தார். நான் சாவியை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அவருக்குப் பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். போனிலும் பேச்சு இன்னும் சுருங்கியது. கோளாறு இருந்த காலத்தில், வண்டி எப்படி இருக்கு என்று கேட்க அவருக்கு ஒரு கேள்வியாவது இருந்தது. வண்டி சௌக்கியமானதும் அதுவும் போயிற்று.

ஒரு ஞாயிறு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பானட்டைத் திறந்துவைத்துவிட்டு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கண்ணாடி துடைக்கும் தண்ணீரை ஊற்றிவைக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன்.

"இதுல ஊத்துங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும் ஊத்தலாம். ஒன்னும் ஆகாது."

"இது எங்க போவும்?"

"முன் கண்ணாடியில பீச்சும். தூசியத் துடைக்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆத்தா கோயில் தண்ணியில காக்கா எச்சத்தத் துடைப்பியா? இதுக்குத்தான் உன்னப் படிக்கவச்சமா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்போ என்னதாம்மா பண்ணச் சொல்றீங்க?"

"மேல ஊத்தாதங்கிற. உள்ள ஊத்தாதங்கிற. இப்ப கக்கூஸ் தொட்டி மாதிரி ஒன்னத் தொறந்துவச்சு இதுல ஊத்துங்கிற." முந்தானையை இழுத்துச் செருகினார். "நவுரு. கதவத் திற."

"எங்க?"

"மெயின் ரோடு வரைக்கும் வரேன். வண்டி எப்படி ஓடுதுன்னு நானே உக்காந்து பாக்குறேன். என்னங்க, மோட்டார எடுத்துக்கிட்டுப் பின்னால வாங்க. திரும்பி வரணும்ல."

அப்படித்தான் அது தொடங்கியது. இடப்பக்க இருக்கையில் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, பேருந்தில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெல்ட்டை நான்தான் இழுத்து மாட்டிவிட்டேன். அதுவரை அந்தக் காரில் அம்மா ஏறியதே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலும் கடையும் அவருக்கு மோட்டார் சைக்கிள் தூரத்தில் இருந்தன. நான் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை, அவர் கேட்டதுமில்லை. பின்கண்ணாடியில் அப்பா தலைக்கவசத்தோடு, குழியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"மெதுவா போ. அவரு வர வேணாமா?"

மெதுவாகப் போனேன். அம்மா என்ஜின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். கொஞ்ச தூரம் போனதும், "நல்லாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். பிறகு, ஏதோ அதுவும் காரைப் பற்றிய கேள்விபோல், "அந்த எண்ணெயில அப்படி என்னதான் பாப்ப நாள் பூரா?" என்றார்.

எண்ணெய் எப்படிக் காறிப்போகும், அதைக் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்போம் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மெயின் ரோடு வந்துவிட்டது.

இப்போது வாரம் தோறும் இதுதான். சந்திப்புக்குச் சற்று முன்னால், லோரி நிற்குமிடத்தில் ஓரம் கட்டுவேன். அம்மா பெல்ட்டைக் கழற்றத் தெரியாதவர்போல் என்னையே கழற்றவைப்பார். இறங்கிப்போய், அப்பாவின் வண்டியில் தொங்கும் தன் தலைக்கவசத்தை எடுத்து, கொண்டை இடிக்க இடிக்க மாட்டிக்கொண்டு, பின்னால் ஒரு பக்கமாக உட்காருவார். நான் சாலைக்குள் நுழையும்வரை அவர்கள் திரும்புவதில்லை. வண்டிகள் விடாமல் வந்தால் நாங்கள் மூவரும் அங்கேயே வெகுநேரம் நிற்போம், அவர்கள் அந்த வண்டியில், நான் இந்த வண்டியில். பிறகு இடைவெளி கிடைக்கும். மிதிப்பேன், கார் தடங்கலில்லாமல் பாயும். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை நான் தனியாகத்தான் போகிறேன்.